தாழ் விழும் சப்தம்

பழைய இரட்டைக்குழல் ஷாட்கன்களைச் சேகரிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. துப்பாக்கி கைக்கு வந்ததும் குழலை மடக்கித் திறந்து, மறுபடி மூடி, காது கொடுத்துக் கேட்பார்கள். லண்டனில் பர்டி, பாஸ், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பட்டறைகளில் நூறாண்டுக்கு முன் செய்யப்பட்டதென்றால் அந்த மூடல் ஒரே சப்தமாக இருக்க வேண்டும். தணிந்த, குறுகிய, பின்னதிர்வு இல்லாத சப்தம். பாங்கின் இரும்பறைக் கதவு மூடுவதைப்போல என்பது இவர்களுடைய தேய்ந்த உவமை. பாங்கில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஸ்ட்ராங் ரூம் கதவு ஏறக்குறையச் சப்தமில்லாமல்தான் வந்து பொருந்தும். சப்தமெல்லாம் பிறகு சாவி திருகும்போது. ஆனால் உவமைக்குப் பின்னால் உள்ள ஆசை புரிகிறது. கெட்டியானது, விலை உயர்ந்தது, பத்திரமானது என்ற மூன்றையும் ஒரு சப்தத்துக்குள் கேட்டுவிட வேண்டும். இந்த ஆசைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

வாய்வழியாக மருந்தும் ரவையும் கெட்டித்த காலத்தில் துப்பாக்கிக்கு மூடும் சப்தம் என்று ஒன்று கிடையாது. மூடுவதற்கு எதுவும் இல்லை. 1830களில் பாரிஸில் காசிமிர் லெஃபோஷே குழலின் பின்புறத்தில் கீல் வைத்து, மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கியை உருவாக்கினார். 1851ல் லண்டன் மகாகண்காட்சியில் அது வைக்கப்பட்டது. நடுவில் மடங்கும் துப்பாக்கி வெடியைத் தாங்காது என்று ஆங்கிலேயப் பட்டறைக்காரர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். ஜோசப் லாங் போன்ற சிலர் சில ஆண்டுகளுக்குள் அதையே செய்யத் தொடங்கினார்கள். இந்த முதல் துப்பாக்கிகளில் குழலை மூடியபின், அடியில் உள்ள நெம்புகோலைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். மூடுவது ஒரு காரியம், பூட்டுவது இன்னொரு காரியம்.

இரண்டையும் ஒன்றாக்கியது 1860களின் வேலை. ஸ்பிரிங் தள்ளுகிற ஒரு தாழ், குழல் வந்து உட்கார்ந்த கணத்தில் தானே பாய்ந்து பிடித்துக்கொள்ளும். 1863ல் ஜேம்ஸ் பர்டி பதிவு செய்த தாழ், குழலுக்கு அடியிலுள்ள இரும்பில் வெட்டிய இரண்டு பற்களில் போய்ச் செருகும். 1865ல் பர்மிங்காமின் ஸ்காட், கட்டைவிரலால் தள்ளும் மேல்நெம்புகோலை அந்தத் தாழோடு இணைக்க வழி செய்தார். இன்றும் மடங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் மிகப் பலவற்றின் அமைப்பு இதுதான். நாம் பேசும் சப்தம் பிறந்தது இங்கே.

ஆனால் தாழ் எல்லாத் துப்பாக்கியிலும்தான் விழுகிறது. மட்டமானதில் அது தகரப்பெட்டியின் கொக்கிபோலக் கிளிங்குகிறது. வித்தியாசம் தாழில் இல்லை. தாழ் விழுவதற்கு முன் உலோகம் உலோகத்தோடு சேர்ந்த விதத்தில் இருக்கிறது. பட்டறையில் இதற்குரிய கருவி ஒரு சிறிய எண்ணெய் விளக்கு. திரியின் புகையில் இரும்பைக் காட்டிக் கரி பிடிக்கச் செய்வார்கள். குழலை மூடித் திறந்தால், தொட்ட இடத்தில் கரி அழிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மீண்டும் கரி, மீண்டும் மூடல். கீல் ஆணி, அடிப்பரப்பு, குழலின் பின்முகம் என்று எல்லாப் பரப்பிலும் கரி சீராகப் படியும்வரை இது நடக்கும். இரும்பைக் கெட்டிப்படுத்தச் சூளையில் வைத்தால் அது சற்றே கோணிவிடும். திரும்பவும் பொருத்த வேண்டும். இந்த வேலையில் யாரும் சப்தத்தைத் தேடவில்லை. வெடிக்கும்போது வாயு பின்னால் கசியக் கூடாது, நூறாயிரம் தடவை சுட்டாலும் ஆடக் கூடாது என்பதே கவலை. எல்லாப் பரப்பும் ஒரே கணத்தில் சந்திப்பதால் சப்தமும் ஒன்றாகிவிடுகிறது. அவ்வளவுதான்.

இந்தக் கைகளின் பெயர்கள் குழலில் பொறிக்கப்படுவதில்லை. அங்கே முதலாளியின் பெயர்தான். விதிவிலக்குகள் சில. பர்டியிடம் முன்பு வேலை பார்த்த ஃப்ரெடரிக் பீஸ்லி 1880ல் ஒரு அமைப்பைக் கண்டுபிடித்து, உரிமையைப் பர்டிக்கே விற்றார். அதில் துப்பாக்கி தானே திறந்துகொள்ளும். மூடும்போதுதான் ஸ்பிரிங்குகளை அமுக்க வேண்டியிருப்பதால் கைக்குப் பலம் வேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த துப்பாக்கிகளில் ஒன்று முரண்டு பிடித்துத்தான் மூடுகிறது. மென்மையே உயர்வு என்று நினைக்கும் காதுக்கு இது முதல் பாடம்.

அமெரிக்காவில் கதை வேறு. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் எல்.ஸி.ஸ்மித் பெயரில் வந்த துப்பாக்கிக்கு அலெக்ஸாண்டர் பிரவுன் 1880களில் சுழலும் தாழ் ஒன்றை அமைத்தார். தேயத் தேய அது இன்னும் சிறிது உள்ளே சுழன்று இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கரிவிளக்கின் பொறுமைக்குப் பதில் இயந்திரத்தின் முன்யோசனை. இதே பிரவுன்தான் ஸ்மித் பிரீமியர் டைப்ரைட்டரையும் வடிவமைத்தார். ஸ்மித் துப்பாக்கித் தொழிலை விற்றுவிட்டு டைப்ரைட்டருக்கே போய்விட்டார். எழுதுகிறவர்களின் காதில் வெகுகாலம் ஒலித்த ஒரு சப்தத்துக்கு இந்தப் பட்டறை தாய்வீடு. இன்னொரு பக்கம் ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பில் வின்செஸ்டர் 1897ல் வெளியிட்ட துப்பாக்கி: முன்கைப்பிடியை ஒரு இழுப்பு, ஒரு தள்ளல், இரண்டு கரடான சப்தங்கள். முதல் யுத்தத்தில் அமெரிக்கர்கள் இதைப் பதுங்குகுழிகளுக்குக் கொண்டுபோனார்கள்; ஜெர்மனி 1918ல் ஆட்சேபம் தெரிவித்தது, அமெரிக்கா நிராகரித்தது. பிற்பாடு சினிமா இந்தச் சப்தத்தை மிரட்டலாகவே பழக்கிவிட்டது. லண்டன் சப்தம் உடையவனின் காதுக்கு. இது எதிரே நிற்பவனின் காதுக்கு.

ஆனால் உடையவன் அதைக் கேட்டானா? 1913 டிசம்பர் 18ம் தேதி, இங்கிலாந்தில் ஹால் பார்ன் என்ற பண்ணையில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் சிலரும் ஒரே நாளில் 3,937 ஃபெஸண்ட் பறவைகளைச் சுட்டார்கள். ஒரு வெடிக்கு ஒரு பறவை என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு வெடிக்கு ஒரு மூடல் வீதம், ஏறத்தாழ 1,970 தடவை அந்தச் சப்தம் எழுந்திருக்க வேண்டும். இத்தகைய வேட்டைகளில் சுடுகிறவர் பின்னால் ஒரு ஆள் நின்று, தோட்டா போட்டு, மூடி, அடுத்த துப்பாக்கியை நீட்டுவான். உலகத்தின் நேர்த்தியான மூடல்களைக் கேட்டவன் கூலியாள். சீமான் கேட்டது வெடியை மட்டும். இன்று சேகரிப்பாளர் வெடியை விட்டுவிட்டு மூடலைக் கேட்கிறார். பறவைகள் இரண்டு பேர் கணக்கிலும் இல்லை.

இந்தக் காதை ஏமாற்றுவதும் எளிது. கீலில் கெட்டி கிரீஸ் தடவினால், தளர்ந்த துப்பாக்கியும் கண்ணியமாக மூடும். விஷயம் தெரிந்தவன் கிரீஸைத் துடைத்து, முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மூடிக் குலுக்கிப் பார்ப்பான். முன்கட்டை கீலை இறுக்கிப் பிடித்துத் தளர்ச்சியை மறைத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

யேட்ஸ் 1935ல் டோரதி வெல்லஸ்லிக்கு எழுதிய கடிதமொன்றில் கவிதை சரியாக அமையும் கணத்தைப் பெட்டி மூடும் சப்தத்தோடு ஒப்பிட்டது நம்மில் பலர் அறிந்ததுதான். அது எழுதுகிறவன் வேலையின் கடைசியில் கேட்கும் சப்தம். கரியும் அரமுமாக அவன் கழித்த நாட்களின் சாட்சி. நம்மிடையே அதை வாசிக்கிறவனின் சப்தமாக மாற்றிக்கொண்டோம். கடைசி வரி ‘டக்’கென்று விழுந்தால் கவிதை முடிந்தது, விமர்சனமும் முடிந்தது. அப்படி விழுகிற தாழ்களை மட்டும் செய்துகொடுக்கிற கவிஞர்களும் தோன்றிவிட்டார்கள். நடுவில் எந்தப் பரப்பும் எதையும் தொடுவதில்லை. இவர்களை வாசிக்கும்போது கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, மீதியைக் குலுக்கிப் பார்ப்பது நல்லது.