இழுவைக் கட்டுப்பாட்டு அமைப்பின் வரலாறு

இழுவைக் கட்டுப்பாடு (டிராக்‌ஷன் கண்ட்ரோல்) என்பது ஈரமான, சேறு படிந்த அல்லது பனி உறைந்த சாலையில் மோட்டார் வாகனத்தின் இயக்கச் சக்கரங்கள் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் மின்னணு அமைப்பாகும். எஞ்சினின் விசையைப் பெற்று வண்டியை நகர்த்தும் சக்கரங்களே இயக்கச் சக்கரங்கள் எனப்படுகின்றன. இவ்வமைப்பு 1971-இல் அமெரிக்காவில் ஒருமுறை தோன்றிச் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. 1980-களின் நடுவில் ஐரோப்பாவில் மீண்டும் வந்தபோது நிலைத்துவிட்டது.

இது சாலைக்குப் புதிதாகப் பிடிப்பைச் சேர்க்கிறது என்று பலர் எண்ணுவதுண்டு. அந்த எண்ணம் தவறானது. டயருக்கும் தரைக்கும் இடையே ஏற்கெனவே உள்ள பிடிப்பு வீணாகாமல் காப்பது மட்டுமே இதன் வேலை.

பிடிப்பும் வழுக்கலும்

ஒரு காரின் எடை முழுவதையும் தாங்கும் நான்கு டயர்களில் ஒவ்வொன்றும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு சுமார் 0.8 இருக்கும். பனிக்கட்டி மீது அது 0.1 அளவுக்கு இறங்கிவிடும். அங்கே எஞ்சின் தரும் விசை, தரை தாங்கக்கூடிய விசையைவிட மிகுந்துவிட்டால் சக்கரம் மட்டும் சுழலும், வண்டி நகராது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சிறிதளவு வழுக்கல் இல்லாமல் டயரால் இழுக்கவே முடியாது. வண்டியின் வேகத்தைவிடச் சக்கரத்தின் விளிம்பு வேகம் சுமார் 10 முதல் 20 விழுக்காடு மிகுந்திருக்கும்போது பெரும்பாலான சாலைகளில் இழுவை உச்சத்தை அடைகிறது. அதைத் தாண்டினால் பிடிப்பு குறையத் தொடங்குகிறது. பக்கவாட்டுப் பிடிப்போ இன்னும் விரைவாகக் குறைகிறது. எனவே வளைவில் முடுக்கியைச் சற்றுக் கூடுதலாக மிதித்தால், பின்சக்கர இயக்கமுள்ள காரின் பின்பகுதி வீசித் திரும்பும். முன்சக்கர இயக்கமுள்ள கார் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் நேராகச் சாலையை விட்டு ஓடும். வண்டி சேற்றில் சிக்கிக்கொள்வது வெறும் தொல்லை. வளைவில் பிடிப்பை இழப்பது உயிரைப் பறிக்கக்கூடியது.

டிஃபரன்ஷியல் தந்த சிக்கல்

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட நீண்ட தூரம் ஓடவேண்டும். இதற்கு வழிசெய்யும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதிக்கு 1828-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஒனெசிஃபோர் பெக்கர் காப்புரிமை பெற்றார். அவர் அதை அமைத்தது நீராவி வண்டிக்காக. இன்றும் கார்களில் இருப்பது அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

ஆனால் டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றது கெட்டித் தரையிலும் இருந்தால், சேற்றில் உள்ள சக்கரம் தாங்கும் சிறு விசையே மற்றதற்கும் கிடைக்கும். மழைக்காலத்தில் சாலையோரம் சிக்கிய லாரியின் ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைக்க, மறுபக்கச் சக்கரம் அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சுற்றும் சக்கரத்தின் அடியில் கல்லையோ சாக்கையோ திணிப்பது அந்தச் சக்கரத்துக்கு மட்டும் உதவுவதாகத் தோன்றும். உண்மையில் அது இரண்டு சக்கரங்களுக்கும் வரும் விசையைக் கூட்டுகிறது.

இதற்கு முதலில் இயந்திர முறையில் தீர்வு தேடினர். ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 1930-களில் பந்தயக் கார்களுக்காக வழுக்கலை மட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலை உருவாக்கியது. அமெரிக்காவில் பக்கார்ட் நிறுவனம் 1956-இல் அதைப் பொதுமக்களின் கார்களில் கொண்டுவந்தது. ஒரு சக்கரம் சுழலும்போது மற்றதற்கும் விசையைத் திருப்ப இதனால் முடிந்தது. இரண்டு சக்கரங்களும் பனியில் நின்றால் இதனாலும் பயனில்லை.

மேக்ஸ்டிராக்: காலத்தை முந்திய முயற்சி

ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தின் பியூக் பிரிவு, 1971-ஆம் ஆண்டின் பெரிய கார்களில் ‘மேக்ஸ்டிராக்’ என்ற அமைப்பைக் கூடுதல் விலைக்கு அளித்தது. முன்சக்கரத்தின் வேகத்தையும் கியர்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டின் வேகத்தையும் ஒரு சிறு மின்னணுக் கருவி ஒப்பிட்டது. பின்சக்கரங்கள் மிகையாகச் சுழல்வது தெரிந்தால், எஞ்சினின் தீப்பொறியை விட்டுவிட்டு நிறுத்தி வலுவைக் குறைத்தது. கருத்தளவில் இன்றைய அமைப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆயினும் இது நிலைக்கவில்லை. எஞ்சினை அடக்க மட்டுமே இதற்குத் தெரியும். ஒற்றைச் சக்கரம் சுழலும்போது அதைப் பிடித்து நிறுத்தக் கை இல்லை. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே அறியவும் தனித்தனியே பிடிக்கவும் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அது வேறொரு திசையிலிருந்து, பிரேக்கிலிருந்து வந்தது.

பிரேக் வழியே திரும்பிய வழி

திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பை டைம்லர்-பென்ஸ் நிறுவனம் 1970-லேயே செய்து காட்டியது. ஆனால் அன்றைய மின்னணு உறுப்புகள் காரின் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கி நம்பகமாக உழைக்கவில்லை. பாஷ் நிறுவனத்தின் இலக்கமுறைக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் 1978-இல்தான் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் அது விற்பனைக்கு வந்தது.

ஏ.பி.எஸ். உள்ள காரில் சக்கரத்தோடு ஒரு பல்வளையம் சுழல்கிறது. அருகிலுள்ள காந்த உணரி பற்களை எண்ணிச் சக்கரத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறது. சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை மின்வால்வுகள் கூட்டிக் குறைக்கின்றன. பிரேக்கில் பூட்டிக்கொள்வதும் முடுக்கத்தில் வீணாகச் சுழல்வதும் ஒரே வழுக்கலின் இரண்டு முகங்கள். முதலாவதற்காகப் பொருத்திய உணரிகளும் வால்வுகளும் இரண்டாவதற்கும் உதவும் என்பதைப் பொறியாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர்.

வால்வோ 1985-இல் தன் 760 டர்போ காரில் மின்னணு இழுவைக் கட்டுப்பாட்டை அளித்தது. மெர்சிடிஸ் தனது ஏ.எஸ்.ஆர். அமைப்பை அதே ஆண்டில் அறிவித்து 1987-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் இரண்டு வேலைகள் இணைந்தன. சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடித்தால், டிஃபரன்ஷியல் வழியே மறுபக்கச் சக்கரத்துக்கும் விசை கூடுகிறது. லாரிச் சக்கரத்தின் கீழ் வைத்த கல்லின் வேலையை இங்கே பிரேக் செய்கிறது. கூடவே எஞ்சினின் வலுவும் குறைக்கப்படுவதால் பிரேக் சூடேறுவதில்லை. இதற்காக முடுக்கிக்கும் எஞ்சினுக்கும் இடையே மின்னணுக் கட்டுப்பாடு புகுந்தது. ஓட்டுநர் மிதித்த அளவு அப்படியே எஞ்சினுக்குப் போய்ச் சேராத காலம் இங்கே தொடங்கியது எனலாம்.

பந்தயக் களத்தில் இது மனக்கசப்பை உண்டாக்கியது. ஃபார்முலா 1 பந்தயங்களில் ஓட்டுநரின் திறமையை இயந்திரம் மறைக்கிறது என்ற குறை எழுந்து 1994-இல் தடை வந்தது. மீறலைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்ததால் 2001-இல் மீண்டும் அனுமதித்தனர். எல்லா அணிகளும் ஒரே கட்டுப்பாட்டுக் கணினியைப் பயன்படுத்தும் விதி வந்தபின் 2008 முதல் மறுபடியும் தடை நடைமுறைக்கு வந்தது.

ஸ்வீடனில் ஒரு பள்ளம், பிறகு ஒரு கவிழ்வு

1989-இல் ஸ்வீடனில் பனிக்காலச் சோதனை ஓட்டத்தின்போது மெர்சிடிஸ் பொறியாளர் ஃபிராங்க்-வெர்னர் மோன் ஓட்டிய கார் சறுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. சக்கரங்களின் வேகத்தோடு, வண்டி தன் அச்சில் எவ்வளவு திரும்புகிறது என்பதையும் அளந்தால் இதைத் தடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. முதல் சோதனைக்கான திருப்ப உணரி ஒரு பொம்மை ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கப்பட்டது. இவ்வாறு வளர்ந்த இ.எஸ்.பி. என்ற நிலைத்தன்மைக் கட்டுப்பாடு 1995-இல் விலையுயர்ந்த எஸ் 600 கூபே காரில் அறிமுகமானது. இழுவைக் கட்டுப்பாடு அதன் ஒரு பகுதியாயிற்று.

அது சிறிய கார்களுக்கு வந்த விதம் மெர்சிடிஸுக்குப் பெருமை தருவதன்று. 1997 அக்டோபரில் ஸ்வீடனின் ‘டெக்னிகென்ஸ் வார்ல்டு’ இதழ் புதிய ஏ-கிளாஸ் காரைச் சோதித்தது. சாலையில் திடீரெனக் குறுக்கிடும் மூஸ் மானைத் தவிர்ப்பதுபோல் வளைத்து ஓட்டியபோது கார் கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையைச் சில காலம் நிறுத்தி, சக்கரத் தாங்கமைப்பை மாற்றி, எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் இ.எஸ்.பி.யைக் கூடுதல் விலையின்றிப் பொருத்தியது.

நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டால் ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் வரை காக்கப்படலாம் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2007-இல் மதிப்பிட்டு, 2012-ஆம் ஆண்டு மாடல் முதல் அதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது இருக்கவேண்டும்.

வரம்புகள்

தேய்ந்த டயருக்கு இவ்வமைப்பு மாற்றாகாது. பனிக்கட்டியின் மீது வேகமாகச் சென்று நிறுத்த முயலும் வண்டியை இதனால் குறுகிய தூரத்தில் நிறுத்த இயலாது. ஆழமான மணலிலும் புதுப்பனியிலும் சில வேளை இதுவே தடையாகிவிடும். அங்கே சக்கரம் சற்று வேகமாகச் சுழன்று மேல்படிவத்தைத் தோண்டினால்தான் கீழுள்ள கெட்டித் தரையைப் பற்றமுடியும். இவ்வமைப்போ சக்கரம் சுழன்றவுடன் எஞ்சினை அடக்கி வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடும். பல கார்களில் இதைத் தற்காலிகமாக அணைக்கும் பொத்தான் வைத்திருப்பது இதற்காகவே. மணலைக் கடந்து சாலைக்கு ஏறியதும் அதை மீண்டும் இயக்கிவிட வேண்டும்.