வெள்ளம் வருமுன் அணை: எண்ணெய்த் தொழிலும் ஜொகூர் மக்களும்

தங்காக் நகரில் எண்ணெய்க் கிணறு இல்லை. லேடாங் மலையடியில், மலாக்கா எல்லையை ஒட்டி, துணிக்கடைகளுக்குப் பேர்பெற்று விளங்கும் ஊர் அது. ஆயினும், அதே ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்கு முனையாகிய பெங்கெராங்கில் மாபெரும் எண்ணெய்த் தொழிற்களம் ஒன்று எழுந்துள்ளது. எண்ணெய்த் தொழில் புகும் இடத்தில் அங்குள்ள மக்களுக்கு எஞ்சுவது யாது? இவ்வினாவுக்கு வரலாறு கூறும் விடையைத் தங்காக்கில் வாழ்வோரும் அறிந்திருத்தல் நலம்.

நம் நாட்டில் இத்தொழிலின் தொட்டில் சரவாக்கின் மிரி நகரம். அங்குள்ள மக்கள் நெடுங்காலமாகவே கையால் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்து வந்தனர். 1910-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், குன்றின்மேல் துளையிட்ட முதற்கிணற்றில் எண்ணெய் கண்டனர். நாளொன்றுக்கு 83 பீப்பாய் கிடைத்தது. சில வீடுகளே இருந்த சிற்றூர் நகரமாயிற்று. எண்ணெயை முன்பே அறிந்திருந்தும், துரப்பணப் பொறியை இயக்கும் கலையை அறியாமையால், தலைமைப் பணிகள் வெளியிலிருந்து வந்தோர் கைக்கே சென்றன. அக்கிணறு 1972-இல் மூடப்பட்டது.

அடுத்து, திரங்கானுவை நோக்குவோம். 1974-இல் பெட்ரோலிய வளர்ச்சிச் சட்டம் இயற்றப்பட்டு, பெட்ரோனாஸ் நிறுவனம் தோன்றியது. சில ஆண்டுகளில் திரங்கானுக் கடலில் எண்ணெய் எடுக்கப்பட்டது. கெர்த்தே என்னும் மீனவர் சிற்றூர் தொழில் நகராயிற்று. எனினும், அதன்பின் பல ஆண்டுகள் அம்மாநிலம் வறுமை மிகுந்த மாநிலங்களுள் ஒன்றாகவே இருந்தது. கடலில் கிடைத்த செல்வம் கரையிலிருந்த குடிசைக்குத் தானாக ஏறிவரவில்லை.

இனிப் பெங்கெராங். இத்திட்டம் 2011-இல் அறிவிக்கப்பட்டது. 2012-இல் ஜொகூர் பெட்ரோலிய வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. 2014-இல் முதலீட்டு முடிவு உறுதியாயிற்று. நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாய் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை அது. மீன்பிடித்தும் சிறுதோட்டம் வைத்தும் வாழ்ந்த சிற்றூர் மக்கள் புதுக்குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். முன்னோர் கல்லறைகளும் இடம்பெயர்ந்தன. வீட்டுக்கு வீடு கொடுத்துவிடலாம்; ஆனால் கடலையே தொழிற்களமாகக் கொண்டவனுக்கு அத்தொழிலை எதனால் ஈடுசெய்வது?

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கட்டுமானம் உச்சத்தில் இருக்கும்போது சுமார் 70,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்றும், ஆலை இயங்கத் தொடங்கியபின் நிலையான வேலை சுமார் 4,000 பேருக்கே என்றும் அன்று மதிப்பிடப்பட்டது. கட்டும் காலம் சில ஆண்டு. இயங்கும் காலமோ ஒரு தலைமுறை. முன்னதில் கூலி வேலை மட்டும் பெற்றவன், பின்னதில் வாயிலுக்கு வெளியே நிற்க நேரும்.

தமிழர்க்கு இது புதிய பாடமன்று. ரப்பர் பல கைகளை வேண்டிற்று, கல்வியை வேண்டவில்லை. எண்ணெயோ சில கைகளையே வேண்டுகிறது. அவற்றிற்கு நீண்ட பயிற்சியையும் வேண்டுகிறது. 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது, பாட்டாளிகள் பலர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அந்நிலையில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பாட்டாளிகள் சிறுகச் சேர்த்த பணமே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. இடர் வந்தபின் எழுந்த முயற்சியே இத்துணைப் பயன் தந்ததெனில், முன்கூட்டியே எழுந்திருப்பின் எத்துணைக் குடும்பங்களைக் காத்திருக்கும்!

வணிகர்க்கும் இதுவே நெறி. எண்ணெய் நிறுவனங்கள் பொருளும் பணியும் வாங்குவது பெரும்பாலும் முன்னரே பதிவு பெற்றவர்களிடமிருந்தே ஆகும். தங்காக் துணி வணிகர் ஒருவர் தொழிலாளர் சீருடை வழங்க விரும்புகிறார் எனக் கொள்வோம். தரச் சான்று, கணக்கு ஒழுங்கு, குறித்த நாளில் சரக்கு சேர்க்கும் ஆற்றல் ஆகியவை ஒப்பந்தம் கோருமுன்பே அவரிடம் இருத்தல் வேண்டும். தனித்து இயலாத சிறு வணிகர் கூட்டாகச் சேர்ந்து இவற்றைப் பெறலாம்.

இளைஞர்க்கு உரியவை பற்றவைப்பு, குழாய் பொருத்தல், மின்வினை, கருவி பழுதுபார்த்தல், பாதுகாப்புக் கண்காணிப்பு முதலிய தொழில்கள். 2020 மார்ச்சில் பெங்கெராங் ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஐவர் மாண்டனர். பாதுகாப்பு அறிவும் தொழிற்கல்வியின் பகுதியே என்பதை அத்துயரம் உணர்த்துகிறது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களின் கடமை பெரிது. தொழிற்கல்வி என்பது தேர்வில் தவறியவர்க்கு ஒதுக்கிய இடம் என்னும் எண்ணத்தைப் பெற்றோர் உள்ளத்தினின்று அவர்கள் அகற்ற வேண்டும். ஆறாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் வேரூன்றிய பிள்ளை, பத்தாண்டு கழித்து ஆலைக்குள் பொறுப்பேற்று நிற்கும். ஆலைக்குக் கால்கோள் விழா எடுக்கும் நாளில் பயிற்சியைத் தொடங்கினால் காலம் கடந்ததாகும். அதற்குரிய நாள் அதற்குப் பத்தாண்டு முன்னது.