திருச்சிச் சுருட்டின் காரம்

திருச்சிராப்பள்ளி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன எவை? மலைக்கோட்டை, காவிரி, ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். ஆனால் விக்டோரியா மகாராணி காலத்து இலண்டன்வாசி ஒருவரிடம் 'டிரிச்சினாப்பள்ளி' என்று சொல்லியிருந்தால், அவர் நினைவில் எழுந்திருப்பது கோயிலும் அன்று, கோட்டையும் அன்று. கருநிறமான, காரமான ஒரு சுருட்டு! ஊரின் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது.

அந்தச் சுருட்டை அறிந்தவர்கள் எப்படி மதிப்பிட்டார்கள்? 'காரமான சுருட்டு' என்று அவர்கள் சொன்னபோது உண்மையில் எதைச் சொன்னார்கள்? இவற்றைத் தெரிந்துகொள்ள நாம் புகைபிடிக்கத் தேவையில்லை. சிறிது வேதியியல் போதும்.

தமிழ்ச் சொல்லின் பயணம்

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கே சென்ற பிறகே பிற கண்டத்தார் அதனை அறிந்தனர். போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. தமிழர்கள் அதற்கு 'புகை இலை' என்று காரணப் பெயர் இட்டார்கள். இலையைச் சுருட்டிச் செய்ததால் 'சுருட்டு' என்றார்கள். அந்தச் சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதி இதனைப் பதிவு செய்துள்ளது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். காவிரிக்கரைத் தமிழை நேரில் கேட்டவர்.

திருச்சியில் இத்தொழில் உறையூர்ப் பகுதியில் வேரூன்றியது. 1862இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு இரயில் வந்த பிறகு துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புவது எளிதாயிற்று. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனமும் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது.

சாம்பல் சொன்ன சாட்சி

1887இல் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல் வெளிவந்தது. கொலை நடந்த அறையில் தரையில் கிடந்த சாம்பலைத் திரட்டி ஆராய்கிறார் ஹோம்ஸ். கருமையாகவும் செதில் செதிலாகவும் இருந்ததைக் கொண்டு, கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று முடிவு கட்டுகிறார். 1890இல் வெளிவந்த அடுத்த நாவலில், 140 வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றித் தாம் ஒரு நூலே எழுதியிருப்பதாகச் சொல்கிறார். அங்கே 'லங்கா' என்ற இன்னோர் இந்தியச் சுருட்டும் வருகிறது. இது இலங்கைத் தீவு அன்று. கோதாவரி ஆற்றின் நடுவே உள்ள திட்டுகளுக்குத் தெலுங்கில் லங்கா என்று பெயர். 'அரங்கம்' என்றால் ஆற்றிடைக்குறை என்று அறிந்த ஸ்ரீரங்கத்து வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

சாம்பலைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியுமா? பாதி முடியும். சாம்பல் என்பது, செடி மண்ணிலிருந்து எடுத்த கனிமங்களில் எரியாமல் எஞ்சுவது. பொட்டாசியம் மிகுந்த இலை அணையாமல் கனன்று எரியும். குளோரின் மிகுந்த இலை சரியாக எரியாது. எரியாத கரி தங்கிச் சாம்பல் கறுக்கும். மக்னீசியம் சாம்பலுக்கு வெண்மை தரும். ஆக, சாம்பலின் நிறம் மண்ணையும் பாசன நீரையும் பற்றி ஒரு குறிப்புத் தருகிறது. ஆனால் ஒரே மாதிரி மண் பல ஊர்களில் உண்டு அல்லவா? அதனால் நிறத்தை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல இயலாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. திருச்சிச் சுருட்டுக்குப் பேர்போன இலை திருச்சியில் விளைந்ததன்று. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள திண்டுக்கல் வட்டாரத்திலிருந்து வந்தது. ஹோம்ஸ் கண்டது உண்மையானால், அது திண்டுக்கல் மண்ணின் அடையாளம். பெயர் மட்டும் திருச்சிக்கு! அந்த வட்டாரத்து வேடசந்தூரில் 1948இல் சுருட்டுப் புகையிலைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

தேர்வாளர் பார்ப்பது என்ன?

சுருட்டை மதிப்பிடுவோர் முதலில் கண்ணால் பார்ப்பர். மேலே சுற்றிய இலை ஒரே நிறமாகவும், நரம்பு புடைக்காமலும், மெல்லிய எண்ணெய்ப் பளபளப்போடும் இருக்க வேண்டும். பிறகு விரலால் மெல்ல அழுத்துவர். ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் தொளதொளவென்றும் இருந்தால், உள்ளே வைத்த இலை சீராக அடுக்கப்படவில்லை என்று பொருள். அடுப்பில் விறகை நெருக்கித் திணித்தால் என்ன ஆகிறது? காற்றுப் புகாமல் அணைகிறது. இடைவெளி மிகுந்தால் மளமளவென எரிந்துவிடுகிறது. சுருட்டும் அப்படித்தான். உள் இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, மேல் இலை ஆகிய மூன்றையும் பலகையில் வைத்து, காற்றுக்கு வழிவிட்டு உருட்டுவது கைத்தேர்ச்சி. மூன்றாவதாக, நெருப்பு வட்டமாகச் சமமாய் இறங்குகிறதா, சாம்பல் உதிராமல் நிற்கிறதா என்று பார்ப்பர்.

கடைசியாகவே சுவையும் காரமும். இவை பிறப்பது உருட்டும் பலகையில் அன்று. அதற்கு முன்பே, இலைக் குவியலில்.

உலர்ந்த இலைகளை ஈரப்படுத்திக் கட்டுக் கட்டாக அடுக்கி வைப்பார்கள். குவியல் தானே சூடேறும். சூடு மிகும்போது பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயுமாக மாற்றி அடுக்குவார்கள். இதுவே பதப்படுத்தும் புளிப்பு முறை. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதைப் போல, இலையில் உள்ள பீனால் வகைப் பொருள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து இலையைப் பழுப்பாக்குகின்றன. எஞ்சிய சர்க்கரை அழிகிறது. புரதங்கள் சிதைந்து அம்மோனியா கிளம்புகிறது. அந்த அறைக்குள் நுழைந்தால் கண் எரிவது இதனால்தான். பச்சை நெடி நீங்கி மணம் ஏறுகிறது.

இரண்டு காரமும் ஒன்றே

இங்கேதான் தமிழ் மொழி நமக்கு உதவிக்கு வருகிறது. 'காரம்' என்றால் நாக்கில் உறைக்கும் சுவை. வேதியியலிலோ, அமிலத்திற்கு எதிரான தன்மையே காரம். சுருட்டைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றேயாகும்!

சிகரெட்டுக்குப் பயன்படும் வர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம். எனவே சிகரெட்டுப் புகை இலேசான அமிலத்தன்மை உடையது. சர்க்கரை இழந்து அம்மோனியா ஏறிய சுருட்டு இலையின் புகையோ காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 8ஐத் தாண்டுவதுண்டு. அமிலச் சூழலில் நிகோட்டின் உப்பாகக் கட்டுண்டு கிடக்கிறது; வாயின் மென்தோல் வழியே எளிதில் புகாது. காரச் சூழலிலோ விடுதலை பெற்று, வாய்த் தோலைக் கடந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது.

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஸ்ரீரங்கத்துத் திண்ணையில் இருக்கும் வெற்றிலைப் பெட்டியே போதும். வெற்றிலையோடு புகையிலை போடுபவர் சுண்ணாம்பு சேர்ப்பது எதற்கு? வெறும் புகையிலையில் வராத 'கிறுகிறுப்பு' சுண்ணாம்பு பட்டதும் வருகிறதே, ஏன்? சுண்ணாம்பு காரம், அது நிகோட்டினை விடுவிக்கிறது. வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு செய்யும் வேலையைச் சுருட்டில் அந்த இலைக் குவியல் முன்கூட்டியே செய்து வைத்துவிடுகிறது.

நிகோட்டினின் வேலை என்ன? செடியைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்வது. வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. நுனியைக் கிள்ளிவிட்டால் மேல் இலைகளில் இன்னும் மிகுதியாகச் சேர்கிறது. நம் உழவர்கள் புகையிலைக் கஷாயத்தைப் பயிர்மீது தெளித்தது இதனால்தான். 'கனமான, முழுக் காரமுள்ள சுருட்டு' என்று பாராட்டப்படுவது, இந்தப் பூச்சிக்கொல்லி மிகுந்த மேல் இலை சேர்ந்த சுருட்டே ஆகும்.

'நான் உள்ளே இழுப்பதில்லையே!'

சுருட்டுப் பிடிக்கும் பெரியவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. "சிகரெட்டுக்காரன் புகையை நெஞ்சுக்குள் இழுக்கிறான். நான் வாயோடு விட்டுவிடுகிறேன். எனக்கு என்ன கெடுதல்?" மேலே கண்ட வேதியியலே இதற்கு விடை. உள்ளே இழுக்கத் தேவையில்லாதபடி செய்யப்பட்ட பண்டம் அது. ஒரு சிகரெட்டில் 1 கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டு ஒன்றிலோ 5 முதல் 20 கிராம் வரை. அத்தனையின் புகையும் வாயிலேயே தங்கித் தங்கிச் செல்கிறது. போதாக்குறைக்கு, மணம் தரும் அதே பதப்படுத்தலின்போது நைட்ரோசமீன்கள் என்னும் புற்றுநோய்ப் பொருள்களும் இலையில் உருவாகின்றன. சுருட்டு வாய், குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களை உண்டாக்குகிறது என்று 1998இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் விரிவான அறிக்கை வெளியிட்டது. ஆந்திரக் கடலோரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்களிடம் மேல் அண்ணப் புற்றுநோய் மிகுந்திருப்பதையும் இந்திய மருத்துவர்கள் கண்டனர்.

"சர்ச்சில் வாயில் சுருட்டு இல்லாமல் இருந்ததில்லை, 90 வயது வாழ்ந்தாரே!" என்பது அடுத்த வாதம். கியூபாச் சுருட்டுகளை விரும்பிய சர்ச்சிலுக்கு நம் ஊர்ச் சுருட்டும் போனதாகத் திருச்சியில் பெருமையோடு சொல்வார்கள். இருக்கட்டும். சுருட்டுப் பிரியரான அமெரிக்க முன்னாள் அதிபர் கிராண்ட் 1885இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். உளவியல் மேதை பிராய்டுக்கு 1923இல் வாய்ப் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின், 1939இல் மறைந்தார். ஒருவர் தப்பியது விதியாகாது. பல்லாயிரம் பேரைக் கணக்கெடுத்துப் பார்ப்பதே அறிவியல்.

இந்தியாவில் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் சுருட்டையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. உறையூரில் இன்று எஞ்சியுள்ள சுருட்டுப் பட்டறைகள் மிகச் சிலவே. உலக மொழிக்கு ஒரு சொல்லைக் கொடுத்த அந்தக் கைகளின் தேர்ச்சியை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. காற்றுக்கு வழிவிட்டு இலையை உருட்டத் தெரிந்த விரல்கள் மதிப்புக்குரியவை. ஆனால் அவை உருட்டிய பொருளைப் பற்றிய உண்மை வேறு.

ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்துப் புகைத்தவரைத் தேடினார். அவரைப் படைத்த டாயிலோ மருத்துவம் படித்தவர். இன்று அதே சாம்பலைக் கண்டால், ஒரு மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த ஊர்ச் சுருட்டு?' என்பதாக இராது. 'எங்கே, வாயைத் திறந்து காட்டுங்கள்!' என்பதாகவே இருக்கும். உங்கள் வீட்டில் சுருட்டுப் பிடிக்கும் தாத்தா இருந்தால், அவர் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்த வழியுண்டு.