மூன்று கொடிகள், ஒரு கேள்வி



பொறியியல் படித்தவன் வரலாற்றுக் கட்டுரை எழுதலாமா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மலர்க்குழுவினரிடம் கான்கிரீட் பற்றி எழுதித் தருவதாகத்தான் சொன்னேன். "அதெல்லாம் நாலு வருஷம் படிச்சது போதும்யா, உங்க ஊரைப் பத்தி எழுது" என்று கட்டளை வந்தது. தட்ட முடியவில்லை.

எங்கள் ஊர் அம்பகரத்தூர். விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது. "சொந்த மாநிலம் எது?" என்று யாராவது கேட்டால் "பாண்டிச்சேரி" என்பேன். உடனே, "பீச் பக்கத்துலயா?" என்பார்கள். பாண்டிச்சேரி எங்கள் ஊருக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல். நாங்கள் இருப்பது காரைக்காலுக்கு மேற்கே, திருநள்ளாறு தாண்டிப் பேரளம் போகிற சாலையில். பத்திரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் நெல் வயல். சிறிது தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். வாய்க்கால் ஒன்றுதான், மண் ஒன்றுதான், பேச்சு ஒன்றுதான். ஆனால் வரப்புக்கு இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் வேறு அரசு. இது ஏன் என்று எனக்கு முழுதாக விளங்கியது ஒரே ஒரு நாள் பயணத்தில்தான். அந்தப் பயணத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

வெளிநாட்டில் இருக்கும் நம் வகுப்பு நண்பர் ஒருவர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு நாள் வாடகைக் காரும், கூடவே ஒரு வழிகாட்டியும் ஏற்பாடு செய்தோம். வழிகாட்டி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். "நம்ம ஊரை நமக்குக் காட்ட கூலிக்கு ஒரு ஆளா?" என்று அப்பா சிரித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளூர்க்காரனுக்குத் தெரிந்தது எல்லாம் எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும் என்பதுதான். தினமும் பார்க்கிற சுவரை நாம் படிப்பதில்லை. படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

தரங்கம்பாடி

காலையில் முதலில் தரங்கம்பாடி. 1792-இல் கட்டிய நகர வாயிலைத் தாண்டி உள்ளே போனால் நேரான தெரு, இரண்டு பக்கமும் பழைய மாளிகைகள், கோடியில் கடல். டேனிஷ்காரர்களின் டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஆசிரியர் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தார். 1620-இல் ஓவே கெட்டே என்ற கடற்படைத் தலைவர் வந்தார், கோட்டை கட்டினார், 1845-இல் ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நண்பரின் மகள், ஏழாம் வகுப்புப் படிப்பவள், குறுக்கிட்டாள்.

"அங்கிள், அவங்களுக்கு இந்த இடத்தை யார் குடுத்தா?"

ஆசிரியர் நின்றுவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "பாப்பா, இத்தனை வருஷத்துல இதைக் கேட்டவங்க ரொம்பக் கம்மி. எல்லாரும் யார் கட்டுனாங்கன்னுதான் கேப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு அன்று நாங்கள் கேட்டதுதான் உண்மையான பாடம்.

கொடுத்தவர் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர். டேனிஷ்காரர்கள் 1616-இல் கம்பெனி தொடங்கி, 1618-இல் கப்பல்களை அனுப்பினார்கள். அவர்கள் முதலில் குறி வைத்தது இலங்கையை. அங்கே கண்டி அரசரோடு காரியம் கூடிவரவில்லை. இதற்கிடையில் ரோலண்ட் கிராப்பே என்பவர் வந்த கப்பலைப் போர்த்துக்கீசியர்கள் காரைக்கால் கரையோரம் மூழ்கடித்தார்கள். தப்பிக் கரை ஏறியவர்கள் பிடிபட்டு, நாயக்கர் முன்னால் கொண்டு போய் நிறுத்தப்பட்டார்கள். நாயக்கர் இவர்களை விரட்டவில்லை. ஏற்கெனவே நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர்கள் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்த காலம். ஒரே வியாபாரியை நம்பி இருப்பதைவிட, போட்டிக்கு இன்னொருவர் இருந்தால் நல்லதுதானே! 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. ஆண்டுதோறும் தஞ்சைக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் அவர்கள் இங்கே இருந்தார்கள். நம் மொழியில் சொன்னால், குத்தகை. பூசல் முற்றியபோது, 1699-இல் தஞ்சைப் படை இந்தக் கோட்டையை முற்றுகையே இட்டிருக்கிறது.

அந்தச் சமயத்தில் நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினார். அது கோபன்ஹேகனுக்குப் போய்ச் சேர்ந்து, அந்நாட்டு ஆவணக் காப்பகத்தின் சொத்தாகிவிட்டது.

கோட்டையிலிருந்து வடக்கே பார்த்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது பெயர் உள்ள ஊர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. கரையில் பாறாங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். கரை அரிப்பைப் பாடமாகப் படித்த எனக்கு, அங்கே நின்றபோது கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது. 2004 சுனாமியில் இந்த ஊர் பட்ட பாடும் நமக்குத் தெரியும்.

சீகன்பால்கு 1706-இல் இங்கேதான் கரை இறங்கினார். இங்கே அமைந்த அச்சகத்தில் தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. இந்த மலர் அச்சான வழியைப் பின்னோக்கித் தேடிப் போனால் தரங்கம்பாடி வழியாகத்தான் போக வேண்டும்.

காரைக்கால்

பகலில் தெற்கே திரும்பிக் காரைக்கால். தரங்கம்பாடி போல் இங்கே பார்க்க ஒரு கோட்டை கிடையாது. "பிரெஞ்சுக் கோட்டை எங்க சார்?" என்று கேட்டால் ஆசிரியர் கையை விரித்தார். அதனால் கேள்வியையே கையில் எடுத்துக்கொண்டு அரசலாற்றுக் கரைக்குப் போனோம்.

கொடுத்தவர் யார்? இங்கே கதை கொஞ்சம் சிக்கல். 1738-இல் தஞ்சை மராட்டிய அரசில் வாரிசுச் சண்டை. பட்டத்துக்குப் போராடிய ஷாஜிக்குப் பணம் தேவை. காரைக்காலைத் தருவதாகப் புதுச்சேரி கவர்னர் துய்மாவோடு பேசி முடித்தார். பிறகு தயங்கினார். பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்தில் வந்து உட்காருவதை நாகப்பட்டினத்து டச்சுக்காரர்கள் விரும்பவில்லை. அப்போது சந்தா சாகிப் புகுந்து காரைக்காலைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைத்தார். அது 1739 பிப்ரவரி. அதன்பின் பிரதாபசிங் மன்னர் காலத்தில் மேலும் மேலும் ஊர்கள் சேர்ந்து, 1750 வாக்கில் 81 ஊர்கள் ஆயின.

"துறைமுகம் வேணும்னா கடற்கரை போதுமே அங்கிள், உள்ள இருக்கிற வயல் எல்லாம் எதுக்கு?" என்றாள் அந்தப் பெண். எனக்குச் சுரீர் என்றது. இது எங்கள் ஊரைப் பற்றிய கேள்வி அல்லவா!

"அதுதாம்மா விஷயமே" என்றார் ஆசிரியர். "புதுச்சேரியைச் சுத்தி வறண்ட மண்ணு. ஊர் பெருசாகப் பெருசாகச் சோத்துக்கு என்ன பண்ணுவான்? காவேரி பாயுற நெல்லுக்காடு வேணும்."

கம்பெனிக்குத் துணி வேண்டும், கப்பல் நிற்க ஆற்று முகம் வேண்டும், அதற்கும் மேலே நெல் வேண்டும். கடலே தெரியாத அம்பகரத்தூர்ப் பக்கத்து வயல்கள் பிரெஞ்சு எல்லைக்குள் போனதன் காரணம் எங்கள் நெற்களம்தான். அன்றைக்கு மன்னர்களும் கவர்னர்களும் போட்ட கோடு இன்றும் வரப்பில் கிடக்கிறது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. கோடு மட்டும் மறையவில்லை. காவிரி வழக்கில் 2007-இல் நடுவர் மன்றமும், 2018-இல் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரிக்கு என்று 7 டி.எம்.சி. ஒதுக்கினவே, அது காரைக்கால் வயல்களுக்கான பங்குதான். கடைமடையில் நிற்கும் எங்கள் விவசாயிக்கு 1739 பழங்கதை இல்லை. மதகு திறக்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிற தேதி.

ஆற்றங்கரையில் ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். இந்தக் கரையிலிருந்து வெளியே போனது நெல்லும் துணியும் மட்டும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றியனுப்பிய பிரெஞ்சுத் துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. ரீயூனியன் தீவுக்குப் போனார்கள். 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. 1880-களில்தான் அந்தப் போக்கு ஓய்ந்தது. போனவர்கள் யார் என்பதற்கு இந்தக் கரையில் ஒரு கல் கூட இல்லை. எல்லோரும் சற்று நேரம் பேசாமல் நின்றோம்.

திரும்பும் வழியில் காரைக்கால் அம்மையார் கோயில். ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கும் கோயில். அறுபத்துமூவரில் ஒருவரான அம்மையார் வணிகர் குலம். பெரியபுராணப்படி அவர் கணவர் பரமதத்தன் நாகப்பட்டினத்துக்காரர். கப்பல் ஏறி வாணிபம் செய்யப் போனவர். ஆக, வெள்ளைக்காரன் வந்துதான் எங்கள் கரைக்குக் கப்பலைக் காட்டினான் என்று யாரும் சொல்ல முடியாது.

நாகப்பட்டினம்

மாலையில் நாகப்பட்டினம். போர்த்துக்கீசியர்களிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர்கள் பிடித்த ஊர். பிடித்த பிறகும் தஞ்சை விஜயராகவ நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டுதான் அங்கே இருக்க முடிந்தது. 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தை இங்கே மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள்.

ஆனால் "யார் கொடுத்தது?" என்ற கேள்விக்கு மிகப் பழைய பதில் இங்கேதான் கிடைக்கிறது. முதலாம் இராசராச சோழன் காலத்தில், 1006-ஐ ஒட்டி, கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் இங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினார். அதற்குச் சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். சைவ மன்னன், பௌத்தப் பள்ளி, அயல்நாட்டு அரசர்! கொடுத்ததைச் செப்பேட்டில் எழுதியும் வைத்தார்கள். அந்தச் செப்பேடு டச்சுக்காரர்கள் வழியாக நெதர்லாந்து போய், லைடன் செப்பேடு என்ற பெயரையே வாங்கிக்கொண்டது. கப்பல்காரர்களுக்கு அடையாளமாக நின்ற பழைய செங்கல் கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டுவிட்டது.

பயணம் சொல்லும் பாடம்

ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் கடற்கரையில் மூன்று ஐரோப்பியக் கொடிகள். மூன்று இடத்திலும் தஞ்சை அரசோடு பேரம் பேசாமல் காலூன்ற முடிந்ததில்லை. அந்தப் பேரத்தில் நம் அரசர்கள் எப்போதும் புத்திசாலிகளாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வாரிசுச் சண்டைக்காக ஊரையே விலை பேசியதும் உண்டு. ஆனால் முதலில் அவர்கள் நிலத்துக்கு உரியவர்கள். வந்தவர்கள் கேட்டு வாங்கியவர்கள். நாம் குழந்தைகளுக்குச் சுற்றிக் காட்டும்போது, "டேனிஷ்காரன் கட்டினான், பிரெஞ்சுக்காரன் ஆண்டான்" என்று முடித்துவிட்டால், கொடுத்தவன் கதையிலிருந்தே காணாமல் போகிறான். கொடுத்தவன் எழுதிய தங்கத் தகடு கோபன்ஹேகன் போயிற்று, செப்பேடு லைடன் போயிற்று. வாங்கியவன் கட்டிய சுவர் மட்டும் நம் கண் முன்னால். இந்த நிலையில் விவரம் தெரிந்த ஒரு வழிகாட்டிதான் நமக்கு நடமாடும் ஆவணக் காப்பகம்.

நிற்க. அடுத்த சங்கமத்துக்குக் குடும்பத்தோடு வரும் நண்பர்களுக்குச் சில யோசனைகள். கூட்டத்தோடு போகிற பஸ் பயணத்தில் வழிகாட்டி மனப்பாடத்தை ஒப்பிப்பார். தனியாக ஒருவரை அமர்த்தினால் நீங்கள் கேட்பதற்குப் பதில் சொல்வார். ஆகவே கையில் ஒரு கேள்வியோடு போங்கள். கட்டணத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள், மதியச் சாப்பாட்டில் அவரையும் கூட உட்கார வையுங்கள். மூன்று ஊரையும் ஒரே நாளில் பார்க்கக் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். கோட்டை, அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். கோயில் பகலில் நடை சாத்தும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, காரைக்கால் பகுதி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பத்திரங்களும் பிறப்புச் சான்றுகளும் பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும். படிக்கத் தெரியவில்லை என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிரதி எடுத்துச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு மலரிலும் ஒரு பக்கம் அவற்றுக்கு ஒதுக்கலாம். தங்கத் தகடுதான் தூரதேசம் போய்விட்டது. வீட்டில் இருக்கிற காகிதத்தையாவது காப்பாற்றுவோம்.