ஜன்னல் இல்லாத பள்ளிக்கூடம்

1966 செப்டம்பர். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் ஐ.எஸ். 201 என்ற அரசு நடுநிலைப் பள்ளி திறக்கத் தயாராக இருந்தது. புத்தம்புதுக் கட்டிடம், ஏசி வசதி... ஆனால் வகுப்பறைகளுக்கு ஜன்னலே கிடையாது! நவீனப் பள்ளி என்றார்கள் அதிகாரிகள். பெற்றோர் பலருக்கு அது சிறைச்சாலை போலத் தெரிந்தது.

உண்மையான கோபம் ஜன்னலுக்காக அல்ல. எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். சேர இருந்தவர்களோ ஏறக்குறைய எல்லோரும் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள். வெள்ளைப் பிள்ளைகளையும் சேருங்கள், முடியாவிட்டால் நிர்வாகத்தில் எங்களுக்கு அதிகாரம் கொடுங்கள் என்று பெற்றோர் பள்ளியைப் புறக்கணித்தார்கள். கறுப்பினத் தலைமையாசிரியர் வேண்டும் என்றும் கேட்டார்கள். வெள்ளையரான தலைமையாசிரியர் விலக முன்வந்தபோது, அவர்தான் வேண்டும் என்று நின்றவர்களில் கறுப்பின ஆசிரியர்களும் இருந்தார்கள்! அவர் திரும்ப வந்தார்.

1967-ல் சமூகமே பள்ளிகளை நடத்திப் பார்க்கும் மூன்று சோதனை வட்டாரங்களில் ஒன்றானது ஐ.எஸ். 201. 1969-ல் வந்த சட்டம் அந்தச் சோதனையை முடித்து வைத்தது.

புதுக் கட்டிடம் கொடுத்தால் பெற்றோர் திருப்தி அடைவார்கள் என்பது தப்புக் கணக்கு. சொன்ன வாக்கைக் காப்பாற்றாத இடத்தில் பளபளப்பான சுவர்கூட சந்தேகத்தைத்தான் கிளப்பும்.