வியப்பு வீட்டுக்கு வந்தவர்கள்

பொருட்காட்சிசாலைக்கு நம் நாட்டு மக்கள் தாமாகவே சூட்டிய பெயர்களை எண்ணிப் பாருங்கள். வட இந்தியாவில் அது 'அஜாயப் கர்', வியப்பு வீடு. வங்காளத்தில் 'ஜாதுகர்', மாய வீடு. சென்னை மக்களோ எழும்பூர்க் கட்டடத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக்காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் அழைத்தனர். இப்பெயர்களில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. காண வந்தவன் எதைக் கண்டு சென்றான் என்பதை அவை ஒளிவின்றிச் சொல்லுகின்றன.

நாட்டின் முதற் பொருட்காட்சிசாலை, நதானியேல் வாலிக் என்னும் டேனிஷ் தாவரவியலாரின் முயற்சியால் 1814-இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தாரால் தொடங்கப்பெற்றது. 1878-இல் சௌரங்கியில் எழுந்த பெருமாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே பொருள்களை இனம் பிரித்து, வரிசைப்படுத்தி, ஆங்கிலத்தில் பெயர் பொறித்தனர். ஆராய்ச்சியாளருக்கு அது போதும். ஆனால் வாயில் திறந்ததும் உள்ளே நுழைந்தோர் பெரும்பாலும் எழுத்தறியாத மக்கள். அடுக்கியது சிலருக்காக, வந்தவரோ பலர்.

இச்சிக்கலை முன்னரே உணர்ந்தவர், 1851-இல் சென்னைச் சாலையின் பொறுப்பை ஏற்ற மருத்துவர் எட்வர்டு பால்ஃபர். வளாகத்தில் உயிருள்ள புலியை வைத்தபோது கூட்டம் பெருகியதைக் கண்ட அவர், கர்நாடக நவாபின் விலங்குகளையும் கேட்டுப் பெற்று, 1855-இல் விலங்குக்காட்சிசாலையையே தொடங்கிவிட்டார். புலியைக் காண வந்தவன் பாறைத் துண்டுகளையும் ஒருமுறை பார்த்துச் செல்வான் என்பது அவர் கணக்குப் போலும்! பின்னர் விலங்குகள் மக்கள் பூங்காவுக்குச் சென்றுவிட்டன. எழும்பூருக்குச் 'செத்த' என்னும் அடைமொழியே எஞ்சியது.

விடுதலைக்குப் பின் இக்கேள்வி புது வலிமை பெற்றது. 1947-48 குளிர்காலத்தில் இலண்டன் ராயல் அகாடமி நடத்திய கண்காட்சிக்காக நம் கலைச்செல்வங்கள் கடல் கடந்தன. திரும்பிய பின் அவற்றை டெல்லி அரசு மாளிகையில் வைத்துக் காட்டினர். அதிலிருந்தே தேசியப் பொருட்காட்சிசாலை பிறந்தது. 1949 ஆகஸ்டு 15 அன்று தலைமை ஆளுநர் இராஜாஜி அதனைத் தொடங்கிவைத்தார். 1960 டிசம்பரில் அது சொந்தக் கட்டடம் புகுந்தபோது முதல் இயக்குநராக அமர்ந்தவர், சான் பிரான்சிஸ்கோ கலைச்சாலையை நடத்திய கிரேஸ் மார்லி அம்மையார். பொருள்களைக் குவிக்காமல் இடம் விட்டு வைத்தல், பார்ப்பவர் கண்மட்டத்திற்கு அமைத்தல், கண் கூசாத ஒளி தருதல் ஆகியவற்றை அவர் வற்புறுத்தினார். எளியனவாய்த் தோன்றினும் இவை காண்போனை விருந்தினனாக மதிக்கும் செயல்கள்.

எனினும் உயரமும் ஒளியும் எல்லாவற்றையும் தீர்த்துவிடா. கருவறையில் இருந்த திருமேனியைப் பீடத்தில் ஏற்றி, 'வெண்கலம், பன்னிரண்டாம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதிவைத்தால், கைகூப்பி நிற்கும் மூதாட்டிக்கு அச்சீட்டு என்ன சொல்லும்? அவளுக்குத் தெரிந்ததைச் சீட்டு எழுதியவர் அறிந்திருந்தாரா என்றும் கேட்கலாம் அன்றோ?

அறிவியற் சாலைகள் இதில் விரைந்து முன்னேறின. 1959-இல் கல்கத்தாவில் திறக்கப்பெற்ற பிர்லா தொழில், தொழில்நுட்பச் சாலையில், பார்வையாளரே இயக்கிப் பார்க்கும் மாதிரிகள் இடம்பெற்றன. 1965-இல் அச்சாலை காட்சிப் பொருள்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமத்துப் பள்ளிகளுக்கே அனுப்பத் தொடங்கியது. கலைச்சாலைகளில் கை வைக்க இசைவு கிடைப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 2015-இல் டெல்லி தேசியப் பொருட்காட்சிசாலை 'அனுபவ்' என்னும் கூடத்தைத் திறந்து, புகழ்பெற்ற சிற்பங்களின் படிகளைப் பார்வையற்றோர் விரலால் தடவி அறியுமாறு வைத்தது.