ஆடலாசான் தகுதி: புகார் முதல் பிம்ப்ரி வரை

ஆடல் கற்பிப்பவரின் தகுதியை எதைக்கொண்டு அளப்பது? சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான் முதலியோருக்குத் தனித்தனியே இலக்கணம் கூறுகிறது. இருவகைக் கூத்தும் பதினோராடலும் அறிந்து, ஒன்றற்குரிய கைத்தொழில் மற்றொன்றிற் கலவாமல் காப்பவனே ஆடலாசான். அவன் தகுதிக்குச் சான்று, 7 ஆண்டுகள் பயின்று 12 வயதில் அரங்கேறிய மாதவி.

இலண்டனில் 1904இல் தோன்றிய இம்பீரியல் நடன ஆசிரியர் சங்கம் அவ்விடத்தில் தேர்வையும் சான்றிதழையும் வைத்தது. ஆனால் போட்டிமேடை லத்தீன் நடனங்கள் சாம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் என ஐந்தே. சால்சா அவற்றுள் இல்லை. எனவே அவ்வைந்திற்குரிய சான்று சால்சா ஆசிரியருக்கு அளவுகோலாகாது.

பிம்ப்ரியில் இணைநடனம் பயில விழைவோருக்கும் இளங்கோவின் அளவுகோல் பயன்படும்: ஆசிரியர் தாளமறிவாரா? நடத்துபவர், தொடர்பவர் இருவர் அடவையும் கற்பிப்பாரா? சால்சாவையும் பச்சாத்தாவையும் கலவாமல் காப்பாரா? அவர்தம் மாணவர் புதிய இணையோடும் இயல்பாய் ஆடுகின்றனரா?